ஆகாய விமானத்தைக் கழுவுவது அற்ப வேலையா?



'சுத்தம் சோறு போடும்' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். சோறு போடுவதோடு அது உயிரையும் காக்கும். அதைச் சொல்லத்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை எடுத்துக் கொள்கிறேன்.

நம் தோட்டத்துப் பிள்ளைகள் இப்போது பால்மரத்தையும் செம்பனையையும் மட்டும் நம்பி இருப்பதில்லை. பட்டணத்துக்குப் போகிறார்கள். தொழிற்சாலை, கடை, பட்டறை என்று பல இடங்களில் வேலை பார்க்கிறார்கள். ஒரு சிலருக்கு விமானக் கொட்டகையிலும் வேலை கிடைக்கிறது. போன முதல் நாளே இயந்திரத்தைத் தொட விடுவார்களா? ஒரு வாளியையும் துணியையும் கையில் கொடுத்து, "அந்தச் சின்ன விமானத்தைக் கழுவித் துடை" என்பார்கள்.

இதைக் கேட்டு மனம் வாடும் பெற்றோர் உண்டு. "ஐந்தாம் படிவம் வரை படிக்க வைத்தது வாளி தூக்கவா, சார்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். பெற்ற மனம் அப்படித்தான் கேட்கும். அந்தப் பெற்றோருக்கும், வாளியோடு நிற்கும் அந்தத் தம்பி தங்கைகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

பூச்சி என்ன செய்துவிடும்?

செஸ்னா 172 என்று ஒரு சிறு விமானம் இருக்கிறது. நான்கு பேர் அமரலாம். மூக்கில் ஒரே ஒரு விசிறி. இறக்கை நம் தலைக்கு மேலே இருக்கும். 1956ஆம் ஆண்டு முதல் விற்பனையில் உள்ள இந்த விமானம் 40,000க்கும் மேல் செய்யப்பட்டிருக்கிறது. உலகிலேயே அதிக எண்ணிக்கையில் செய்யப்பட்ட விமானம் இதுதான். பல நாடுகளில் விமானம் ஓட்டக் கற்றுக் கொள்பவர்கள் முதலில் ஏறி உட்காருவது இதில்தான். ஆகவே இதையே உதாரணமாக வைத்துக் கொள்வோம்.

அந்தி நேரத்தில் தோட்டச் சாலையில் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்குத் தெரியும், பூச்சி முகத்தில் வந்து அடித்தால் எப்படி இருக்கும் என்று. இந்த விமானமோ மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில் பறப்பது. தரையை விட்டுக் கிளம்பும்போதும் இறங்கும்போதும்தான் பூச்சிகள் அதிகம் மோதும். இறக்கையின் முன் விளிம்பிலும், விசிறியிலும், முன் கண்ணாடியிலும் அவை நசுங்கி ஒட்டிக் கொள்ளும்.

ஒட்டினால் மூன்று கெடுதல்கள். முதலாவது, பூச்சியின் உடல் நீர் வெயிலில் காய்ந்து சாயத்தை அரித்துவிடும். சாயம் போனால் அடியில் உள்ள அலுமினியத் தகட்டுக்குப் பாதுகாப்பு இல்லை. அலுமினியம் இரும்பைப் போல் சிவப்பாகத் துருப்பிடிக்காது. ஆனால் உப்புக் காற்றும் ஈரமும் பட்டால் வெள்ளைப் பொடியாக அரித்துப் போகும்.

இரண்டாவது, காற்று இறக்கையின் மேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பூச்சி காய்ந்து சொரசொரப்பாக நின்றால் அந்த ஓட்டம் கலைகிறது. இயந்திரம் இல்லாத கிளைடர் விமானங்களில் பறக்கும்போதே பூச்சியை வழித்தெடுக்கும் கயிற்றுக் கருவி வைத்திருக்கிறார்கள். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, இறக்கையில் பூச்சி ஒட்டாத பூச்சுகளை 2015ஆம் ஆண்டு ஒரு போயிங் 757 விமானத்தில் பூசிப் பறந்து சோதித்தது. இறக்கை வழுவழுப்பாக இருந்தால் எரிபொருள் மிச்சமாகும் என்பதே அதன் நோக்கம்.

மூன்றாவதுதான் மிகப் பெரியது. நேராக நம்மை மோத வரும் இன்னொரு விமானம், தூரத்தில் இருக்கும்போது கண்ணாடியில் அசையாத ஒரு புள்ளியாகத்தான் தெரியும். செத்த பூச்சியும் ஒரு புள்ளிதான். எது பூச்சி, எது விமானம் என்று விமானி எண்ணிக் கொண்டிருக்கும் சில விநாடிகளில் காரியம் கெட்டுவிடக் கூடும்.

துடைக்கும் முன் பாருங்கள்

வாளியில் தண்ணீர் பிடிக்கும் முன்னே ஒரு வேலை இருக்கிறது. விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அழுக்கைப் பாருங்கள். மரத்தின் பட்டையைப் பார்த்தே நோய் இருக்கிறதா என்று பால்வெட்டுக்காரர் சொல்லிவிடுகிறார் அல்லவா? அதைப் போல விமானத்தின் அழுக்கும் பேசும்.

இந்தச் சிறு விமானங்கள் பலவற்றுக்கு ஊற்றும் 100 எல்எல் என்னும் பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருக்கும். இறக்கைக்கு அடியில் நீலக் கறை இருந்தால் பெட்ரோல் எங்கோ கசிகிறது என்று பொருள். சக்கரத்தின் பக்கம் சிவப்பாக எண்ணெய் ஒழுகியிருந்தால் அது பிரேக் எண்ணெயாக இருக்கலாம். தகடுகளைப் பிணைக்கும் ஆணித்தலையைச் சுற்றிச் சாம்பல் நிறக் கோடு இழுத்திருந்தால் அந்த ஆணி தளர்ந்து ஆடுகிறது. வயிற்றுப் பகுதியில் என்றும் இல்லாத அளவுக்குக் கறுப்பு எண்ணெய் வழிந்திருந்தால் இயந்திரத்தில் ஏதோ கோளாறு.

இவற்றைப் பார்க்காமல் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டால் விமானம் பளபளக்கும். கோளாறு மட்டும் உள்ளே இருக்கும். மெக்கானிக் வந்து பார்க்கும்போது அடையாளம் இராது. ஆகவே கறையைக் கண்டால் முதலில் அவரை அழைத்துக் காட்டுங்கள். பிறகு கழுவுங்கள். வேறு எவரையும்விட விமானத்தின் ஒவ்வொரு சாணையும் அருகில் இருந்து பார்ப்பது கழுவுகிறவரின் கண்கள்தாம்.

கழுவும் முறை

வெயிலில் காய்ந்து சூடாகி நிற்கும் விமானத்தைக் கழுவக் கூடாது. நிழலில் நிறுத்தி, தகடு ஆறிய பிறகே தொடங்க வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்திருக்கிறதா, சாவி எடுக்கப்பட்டிருக்கிறதா, மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று கேட்டுக் கொள்ளுங்கள்.

முதலில் வெறும் தண்ணீரை மெதுவாக விட்டுத் தூசியையும் மணலையும் போக்க வேண்டும். மணல் இருக்கும்போது தேய்த்தால் சாயத்தில் கீறல் விழும். கார் கழுவும் கடைகளில் பீய்ச்சி அடிக்கும் இயந்திரம் இங்கே ஆகாது. அந்த வேகத்தில் தண்ணீர் கீல்களுக்குள் புகுந்து மசகை அடித்துக் கொண்டு போய்விடும்.

காய்ந்த பூச்சியைச் சுரண்டவே கூடாது. சட்டையில் பட்ட பாலை ஈரத்திலேயே கழுவினால் போகும், காய்ந்து ஒட்டிவிட்டால் மல்லுக்கட்ட வேண்டும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். பூச்சியும் அப்படித்தான். விமானம் இறங்கிய உடனே துடைத்தால் ஈரத் துணி போதும். காய்ந்துவிட்டால், நனைத்த துண்டை இறக்கையின் முன் விளிம்பில் ஐந்து பத்து நிமிடம் போர்த்தி ஊற விடுங்கள். பிறகு மிருதுவான துணியால் எடுத்தால் வந்துவிடும்.

சோப்பு, விமானத்தின் கையேட்டில் சொல்லியிருக்கும் மென்மையான சோப்பாக இருக்க வேண்டும். சட்டி பானை தேய்க்கும் தேங்காய் நார், சாம்பல், இரும்புக் கம்பிச் சுருள், பச்சைப் பஞ்சு, சோப்புத் தூள் எதுவும் விமானத்தின் பக்கமே வரக் கூடாது. காரமான குளியலறை மருந்துகள் அலுமினியத்தைத் தின்றுவிடும். அடி வயிற்றில் தண்ணீர் வடிவதற்கென்று சிறு ஓட்டைகள் இருக்கும். அவை அடைபடாமல் இருக்கின்றனவா என்று பார்த்து வையுங்கள். உள்ளே தண்ணீர் தேங்கினால் அதுவே அரிப்புக்குத் தொடக்கம்.

கண்ணாடி என்று நாம் சொல்கிறோமே, இந்த விமானங்களில் அது உண்மையில் கண்ணாடி அல்ல; அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக். வீட்டு ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் அம்மோனியா கலந்த மருந்து அதில் பட்டால் நுண்ணிய வெடிப்புகள் விழுந்து மங்கிப் போகும். பெட்ரோல், தின்னர் முதலியவையும் அப்படியே. நிறையத் தண்ணீர் விட்டு, மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டு, வெறும் கையால் தடவி மண்ணைப் போக்குங்கள். அதன் பின் சுத்தமான பருத்தித் துணியால் மேலும் கீழுமாகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்த்தால் விழும் வளையக் கீறல்கள் எதிர் வெயிலில் விமானியின் கண்ணைக் கூசச் செய்யும். காய்ந்த துணியாலும் காகிதத்தாலும் துடைக்க வேண்டாம்.

வயிற்றுப் பக்கத்து எண்ணெய்ப் பிசுக்குக்கு, கையேட்டில் குறிப்பிட்ட எண்ணெய்க் கரைப்பானைத் துணியில் கொஞ்சமாக எடுத்துத் துடைப்பார்கள். பெட்ரோலை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. ஒரு பொறி போதும். காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டுச் செய்யுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த நீலப் பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கிறது. புகைக்குழாய்க் கரியிலும் ஈயம் படிந்திருக்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடக் கூடாது. பூச்சி மருந்து அடிப்பவர் தம் உடையைத் தனியே துவைப்பது போல, இந்த வேலை உடையையும் பிள்ளைகளின் துணியோடு சேர்க்காமல் துவையுங்கள்.

விசிறியிடம் பயபக்தி வேண்டும்

மூக்கில் உள்ள விசிறியிலும் பூச்சி ஒட்டும். அதையும் துடைக்கத்தான் வேண்டும். ஆனால் அதைக் கையால் சுற்றிவிடாதீர்கள். கார் இயந்திரம் போலச் சாவியை எடுத்துவிட்டால் இது செத்துவிடும் என்று நினைக்கக் கூடாது. இந்த இயந்திரத்துக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோ என்னும் கருவிக்கு பேட்டரி தேவை இல்லை. அதை நிறுத்தி வைக்கும் சிறு கம்பி அறுந்திருந்தால், விசிறியைக் கொஞ்சம் திருப்பினாலே இயந்திரம் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். ஒரு சுற்றே கையை எடுக்கப் போதுமானது.

ஆகவே விசிறி எந்த நேரமும் சுற்றும் என்று எண்ணிக்கொண்டு, அது சுழலும் வட்டத்துக்குள் உடல் போகாமல் பக்கத்தில் நின்று, நின்ற நிலையிலேயே அடியிலிருந்து நுனி வரை துடைக்க வேண்டும். துடைக்கும்போது ஓரத்தில் கல் பட்ட சிறு பள்ளம் இருந்தால் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். சிறு பள்ளம் நாளடைவில் வெடிப்பாக மாறும்.

கீழே குனிந்து வேலை செய்துவிட்டு நிமிரும்போதும் பார்த்து நிமிருங்கள். செஸ்னாவின் இறக்கை விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்டு தழும்போடு திரியும் விமானிகள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள்!

சின்னஞ்சிறு துவாரங்கள்

இனி நான் சொல்லப் போவதுதான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி.

ஓடும் லோரியிலிருந்து கையை வெளியே நீட்டினால் காற்று கையைத் தள்ளும். வேகம் கூடக் கூட அதிகம் தள்ளும். இதே முறையில்தான் விமானம் தன் வேகத்தை அறிகிறது. இடது இறக்கையின் அடியில் பிட்டோ குழாய் என்று ஒரு சிறு குழாய் முன்னோக்கி நிற்கும். எதிர்க்காற்று அதற்குள் நுழையும். விமானத்தின் இடது பக்கவாட்டில் ஸ்டாட்டிக் துவாரம் என்று ஓர் ஊசித் துளை இருக்கும். அது வெளியில் உள்ள சாதாரணக் காற்றின் அழுத்தத்தை எடுத்துக் கொள்ளும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வேகத்தைக் காட்டும். ஸ்டாட்டிக் துவாரத்தின் அழுத்தம் உயரத்தைக் காட்டும். இவை தவிர, பெட்ரோல் தொட்டிக்குக் காற்றுப் போகும் குழாய் ஒன்றும், விமானம் தடுமாறப் போகிறது என்று கூவி எச்சரிக்கும் கருவியின் துவாரம் ஒன்றும் இறக்கையில் உண்டு.

இவற்றில் சோப்புத் தண்ணீர் புகக் கூடாது என்பதற்காக, கழுவும்போது சிலவற்றை மூடி வைப்பார்கள். மூடுவது தப்பில்லை. மூடியதைத் திறக்க மறப்பதுதான் ஆபத்து.

1996ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள். தென்னமெரிக்காவில் பெரு நாட்டின் லிமா நகரிலிருந்து சிலி நாட்டின் சந்தியாகோ நகருக்கு ஒரு போயிங் 757 விமானம் நள்ளிரவு தாண்டிக் கிளம்பியது. அது அப்போது இயங்கி வந்த ஏரோபெரு நிறுவனத்தின் விமானம். புறப்படும் முன் அதைக் கழுவி மெருகேற்றிய ஊழியர், இடப்பக்கத்து ஸ்டாட்டிக் துவாரங்களை டேப் ஒட்டி மூடியிருந்தார். வேலை முடிந்தது, டேப் எடுக்கப்படவில்லை. டேப்பின் நிறமும் தகட்டின் நிறமும் ஒன்று போல இருந்தன. பார்த்தவர் எவர் கண்ணிலும் படவில்லை.

மேலே போனதும் வேகமானியும் உயரமானியும் பொய் சொல்லத் தொடங்கின. கீழே கடல், சுற்றிலும் இருட்டு. விமானிகள் தரைக் கட்டுப்பாட்டு நிலையத்தைக் கூப்பிட்டு, நாங்கள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று கேட்டார்கள். நிலையத்தார் உயரத்தைச் சொன்னார்கள். ஆனால் அந்த எண்ணும் இந்த விமானத்தின் கெட்டுப் போன கருவியிலிருந்து அவர்களுக்கு வந்ததுதான்! உயரத்தில் இருப்பதாக நம்பிக்கொண்டே விமானம் கடலைத் தொட்டது. அதில் இருந்த 70 பேரும் இறந்தார்கள். கிளம்பி அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது.

விசாரணை அறிக்கை அந்த ஊழியரை மட்டும் குறை சொல்லவில்லை. சரிபார்த்திருக்க வேண்டிய மேற்பார்வையாளர்களும், புறப்படும் முன் சுற்றிப் பார்த்த விமானியும் கவனிக்கத் தவறியதையும் எடுத்துச் சொன்னது. இருந்தும் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்புப் பெற்றவர் டேப் ஒட்டிய அந்தத் தொழிலாளி. பெற்றோர்களே, இதை எண்ணிப் பாருங்கள். கூலி குறைவு என்பதால் பொறுப்பு குறைந்துவிடுவதில்லை. பழி வரும்போது அது வாளி தூக்கியவரையும் தேடி வரும்.

மூடாமல் விட்டாலும் ஆபத்து உண்டு. அதே 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள், டொமினிக்கன் குடியரசில் இன்னொரு போயிங் 757 விழுந்து 189 பேர் இறந்தார்கள். சில வாரங்கள் பறக்காமல் நின்ற அந்த விமானத்தின் பிட்டோ குழாய்க்கு உறை போடவில்லை. குழாய்க்குள் மண் குளவி கூடு கட்டியிருக்கலாம் என்று விசாரணை கருதியது. நம் வீட்டுச் சாவித் துவாரத்தில் மண்ணை உருட்டி வந்து அடைக்கிறதே, அந்த இனம்தான்.

நம் நாட்டு விமானத்துக்கே இது நேர்ந்திருக்கிறது. 2018ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்பிய மலேசியா ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ330 விமானத்தில், குளவிக்குப் பயந்து போட்ட மூன்று பிட்டோ உறைகளும் கழற்றப்படாமலே இருந்தன. மேலே போனதும் வேகம் தெரியவில்லை. விமானிகள் மாற்று ஏற்பாடுகளைக் கொண்டு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து பத்திரமாக இறக்கினார்கள். 200க்கும் மேற்பட்டவர்கள் உயிர் பிழைத்தார்கள்.

இதை மனத்தில் எழுதிக் கொள்ளுங்கள்

வாளி பிடிக்கும் தம்பி தங்கைகளே, ஐந்து விஷயங்களைச் சொல்கிறேன்.

1. கையேடு சொல்லாத இடத்தில் டேப் ஒட்டாதீர்கள். துவாரத்தைச் சுற்றி ஈரத் துணியால் கையால் துடைத்தாலே பெரும்பாலும் போதும்.

2. மூடித்தான் ஆக வேண்டும் என்றால், சிவப்பு நாடா தொங்கும் உறையையோ, தூரத்திலிருந்தே கண்ணில் குத்தும் நிறமுள்ள டேப்பையோ போடுங்கள். தகட்டின் நிறத்தில் உள்ளது வேண்டவே வேண்டாம்.

3. எத்தனை இடத்தில், எங்கெங்கே மூடினீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எடுத்த பிறகு எண்ணிப் பார்த்து ஒவ்வொன்றாக அடியுங்கள். நான்கு போட்டால் நான்கும் கையில் இருக்க வேண்டும்.

4. பாதி வேலையில் யாராவது கூப்பிட்டால், திரும்பி வந்ததும் முதலிலிருந்து எண்ணுங்கள். மறதி இந்த இடைவெளியில்தான் புகும்.

5. முடிந்ததும் மெக்கானிக்கையோ விமானியையோ அழைத்துக் காட்டி, அந்தத் தாளில் கையெழுத்து வாங்குங்கள். இது விமானத்துக்கும் காவல், உங்களுக்கும் காவல். "அவசரம், அதெல்லாம் வேண்டாம்" என்று எவர் சொன்னாலும் விட்டுக் கொடுக்காதீர்கள்.

இந்த ஐந்தையும் பழக்கமாக்கிக் கொண்ட பிள்ளை வாளியோடு நின்றுவிட மாட்டான். விமானத்தின் அங்கம் ஒவ்வொன்றையும் தொட்டு அறிந்த கை அது. மலேசியாவில் விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமத்தை மலேசிய சிவில் விமான ஆணையம் வழங்குகிறது. அதற்குரிய தேர்வுகள் கணிதம், இயற்பியல், மின்சாரம் ஆகிய பாடங்களில் தொடங்குகின்றன. கையேடுகள் ஆங்கிலத்தில் இருக்கும். ஆகவே பள்ளியில் இந்தப் பாடங்களைக் கைவிடாமல் படிக்கச் சொல்லுங்கள். வேலையில் சேர்ந்துவிட்டவர்கள் இரவு நேரத்தில் படிக்கலாம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வேலை முடிந்து வீடு வந்ததும், "இன்றைக்கு என்ன, வெறும் கழுவுகிற வேலைதானா?" என்று கேட்காதீர்கள். பசியாற ஏதாவது கொடுத்துவிட்டு, "ஒட்டியதை எல்லாம் எண்ணி எடுத்தாயா, அப்பா?" என்று கேளுங்கள். தன் வேலை எத்தகையது என்பது அந்தக் கேள்வியிலேயே அவனுக்கு விளங்கிவிடும்.